பழைய ஆம்புலன்ஸா, ஸ்கூல் வேனா, மாருதி ஈகோவா: ராம்நாடு கரையோரத்துல குடும்பத்தோட தங்கிச் சுத்த எது தோதுப்படும்?

போன ஆடியிலருந்து எங்க வீட்டுல இதே பேச்சாக் கிடக்கு. நான், வீட்டுக்காரம்மா, ரெண்டு புள்ளைக, எங்கம்மா, மொத்தம் அஞ்சு பேரு. லீவு விட்டாப் போதும், அரியமான், தேவிபட்டினம், ஏர்வாடி, மூக்கையூர்னு கடலை ஒட்டியே சுத்துற கூட்டம். ராத்திரி தங்க ரூம் போட்டா அம்மாவுக்கு பாத்ரூம் சரியில்ல, புள்ளைகளுக்கு சோறு சரியில்ல, அமாவாசைன்னா ராமேஸ்வரத்துல ரூம் கிடைக்கிறதே பெரும்பாடு, கிடைச்சாலும் சொல்ற வாடகையைக் கேட்டா கார்லயே படுத்துரலாம்னு தோணும். ஆடி அமாவாசைக்கு நிஜமாவே அப்படிக் கார்ல படுத்து எந்திரிச்சு கழுத்து பிடிச்சுக்கிட்டு வந்த மறுநாள்தான் மச்சினன் ஒரு போட்டோ அனுப்பினான், பரமக்குடிப் பக்கம் ஒரு ட்ரஸ்ட்டோட பழைய ஆம்புலன்ஸ், போர்ஸ் ட்ராவலர், விலைக்கு நிக்குதாம். "மச்சான், உள்ள நின்னுக்கிட்டே சட்டை மாத்தலாம், பெட்டு ஏற்கெனவே கிடக்கு"ண்டு கீழ எழுதியிருந்தான். பெட்டுன்னு அவன் சொன்னது ஸ்ட்ரெச்சரை.

அதுக்கப்புறம் நாலு மாசமா நாங்க பார்த்தது நாலு வகை. ட்ராவலர் ஆம்புலன்ஸ், டாடா விங்கர் ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேனா ஓடின ட்ராவலர், இது எதுவும் வேணாம்னு மாருதி ஈகோவுக்குள்ள பலகை போட்டுக்கிறது. கடைசியா என்ன செஞ்சோம்ங்கிறதும் எழுதுறேன், ஆனா உங்க வீட்டுல எத்தனை தலைன்னு பார்க்காம அதை அப்படியே எடுத்துக்காதீங்க, ஏன்னா இதுல தலைக்கணக்குதான் எல்லாத்தையும் முடிவு பண்ணுது, எனக்கே அது லேட்டாத்தான் உறைச்சுச்சு.

ஆம்புலன்ஸ் மேல ஏன் ஆசை வருதுன்னு உள்ள போய் நின்னாத் தெரியும். சுவரு, மேல்பக்கம் எல்லாம் பைபர் ஷீட்டு, தண்ணி ஊத்திக் கழுவலாம், புள்ளைக கடல் மண்ணோட ஏறினாலும் கவலை இல்ல. பின்கதவு அகலமாத் திறக்கும், கடலைப் பார்க்க நிறுத்தித் திறந்து விட்டா அதுவே திண்ணை. மருந்து வச்ச அலமாரியில டீத்தூள், மிளகாத்தூள், அம்மாவோட தைல பாட்டில் எல்லாம் அடங்கிரும். இன்வெர்ட்டர், பிளக் பாயிண்ட் ஒயரிங் ஓரளவு ஓடியிருக்கும். கண்ணாடியில பால் கலர் ஷீட்டு ஒட்டியிருக்கும், கர்ட்டன் செலவு மிச்சம். ட்ரிப்ஸ் பாட்டில் மாட்டுற கொக்கியில லைட்டு தொங்கவிடலாம்னு என் மக பிளானே போட்டுட்டா. வெறும் வேனை வாங்கி இத்தனையும் செய்யணும்னா கார்பெண்டருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் கொடுத்தே ஓஞ்சு போவோம், அந்த வகையில இது பாதி கட்டின வீடு.

அந்தப் பாதி வீட்டுல உக்கார இடம் இல்லங்கிறதுதான் பிரச்சனை. முன்னாடி டிரைவர், பக்கத்துல ஒரு ஆளு. பின்னாடி சைடுல நீளமா ஒரு பெஞ்சு, சிலதுல தலைமாட்டுல ஒத்தை சீட்டு. அந்தப் பெஞ்சுல ஆஸ்பத்திரி வரைக்கும் போறது வேற, கொடைக்கானல் மலை ஏறுறது வேற, பக்கவாட்டுல உக்காந்து பத்து வளைவு போனா எங்கம்மா ஊருக்குத் திரும்பிருவாங்க. புள்ளைகளை அதுல பெல்ட்டு இல்லாம உக்காரவச்சு ஈசிஆர்ல ஓட்டுறதுக்கு எனக்கு மனசு வரல. சரி சீட்டு போட்டுக்கலாமேன்னா, ஆர்சி புக்குல எத்தனை சீட்டுன்னு இருக்கோ அதுதான் கணக்கு, கூட்டணும்னா அதுக்குத் தனியா அனுமதி, தரையில சரியான இடத்துல போல்ட்டு பிடிக்கணும், தகரத்துல ரெண்டு ஸ்க்ரூ முடுக்கி சீட்டுன்னு சொல்ல முடியாது. நாங்க எல்லாரும் எங்க படுக்குறது எங்க படுக்குறதுன்னு அளந்துக்கிட்டு இருந்தோம், எங்க உக்காந்து போறதுன்னு கேட்டது எங்கம்மாதான்.

ஆம்புலன்ஸுல என்ன ரகம்னு கேக்கவும் மறக்காதீங்க. ஏஐஎஸ் 125ன்னு ஒரு தர விதி இருக்கு, அதுல ஏ, பி, சி, டின்னு நாலு வகை. ஏ நோயாளியை ஏத்தாம முதலுதவிக்கு ஓடுறது, பி நோயாளியை ஏத்திப் போறது, சி அடிப்படை உயிர்காப்பு, டி வென்டிலேட்டர் வரைக்கும் வைக்கிறது. நமக்கு பி போதும். சி, டின்னா சுவத்துக்குள்ள ஆக்சிஜன் பைப்பு, மிஷின் மாட்டின பிராக்கெட்டு, அதைக் கழட்டின ஓட்டைன்னு வேலை கூடிரும், ஓட்டை அடைக்காம விட்டா உப்புக்காத்து அதுவழியா உள்ள போகும். அமரர் ஊர்தியா, ஃப்ரீசர் பாக்ஸ் வச்சு ஓடியிருக்கான்னும் நேரடியாக் கேட்டுருங்க, எனக்கு அதுல ஒண்ணுமில்ல, ஆனா வீட்டுல பெரியவங்க இருந்தா பின்னாடி தெரிஞ்சு சண்டை வர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கிறது மேல்.

துரு பத்தி நான் பெருசா எழுதணும், நம்ம ஊரு அப்படி. வடக்க பாக் ஜலசந்தி, தெக்க மன்னார் வளைகுடா, ரெண்டு பக்கமும் உப்பு. ஆனி ஆடியில மேக்கருந்து வர்ற கச்சான் காத்து அடிச்சா மணலும் உப்பும் சேர்ந்து வண்டி அடியில அப்பிக்கும். அதனால எந்தப் பழைய வண்டியும் வீல் ஆர்ச்சு, கதவு அடிப்பட்டி, புட்போர்டு எல்லாம் சுத்தியலால தட்டிப் பார்த்துதான் வாங்கணும், டொக்குன்னு கேக்கணும், சொத்துன்னு கேட்டா உள்ள பட்டி வச்சுப் பெயிண்ட் அடிச்சிருக்கான்னு அர்த்தம். ஆனா ஆம்புலன்ஸுக்கு உள்ளயிருந்தும் துரு வருது, இது எனக்கு டிங்கர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். ரத்தம் கித்தம் சிந்தினா 1 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் ஊத்தித் துடைப்பாங்க, அதாவது பிளீச்சிங் ஜாதி, வருசக்கணக்கா அந்தத் தண்ணி வினைல் ஷீட்டு ஜாயின்ட்டு வழியா கீழ இறங்கி பிளைவுட்டை ஊறவச்சு தகரத்தை அரிச்சிரும். மேல பார்த்தா பளபளன்னு இருக்கும். பரமக்குடி வண்டியில ஸ்ட்ரெச்சர் பிளேட்டைக் கழட்டி ஷீட்டு ஓரத்தைத் தூக்கச் சொன்னோம், விக்கிறவருக்கு முகம் சுருங்கிருச்சு, தூக்கினா பின்சக்கரத்துக்கு மேல உள்ளங்கை அகலத்துக்கு அப்பளமாட்டம் உதிருது. வெளிய அவ்வளவு சுத்தமா இருந்த வண்டி.

இன்ஜினும் அப்படித்தான். கிலோமீட்டரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஆஸ்பத்திரி வாசல்ல ஏசி போட்டுக்கிட்டு மணிக்கணக்கா ஐடில்ல நின்ன வண்டி, மீட்டர்ல அது ஏறாது. கூப்பிட்டதும் சூடாகக்கூட விடாம விரட்டின வண்டி. ஸ்கூல் வேன் அப்படி இல்ல, காலையில ஒரு ட்ரிப்பு, சாயங்காலம் ஒரு ட்ரிப்பு, ஸ்பீடு கவர்னர் வேற, கிளட்ச்சு மட்டும்தான் தேஞ்சிருக்கும்.

ஏசி இருக்கேன்னு ஒரு சந்தோசம் வரும் பாருங்க, அதையும் இங்கயே உடைச்சு விட்டுர்றேன். பின்னாடி இருக்குற ஏசியோட கம்ப்ரசர் இன்ஜின்லதான் சுத்துது, இன்ஜினை நிறுத்தினா ஏசி நின்னுரும். ராத்திரி பூரா இன்ஜினை ஓடவிட்டு உள்ள ஆளுக தூங்குறது உயிரோட விளையாடுறது, புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசம் கிடையாது. அதனால நம்ம ஊர் ராத்திரிக்கு காத்தாடிதான். 20 வாட் டிசி ஃபேன் ரெண்டு, ஒம்போது மணி நேரம் ஓடினா 360 வாட் அவர், சின்ன டிசி பிரிட்ஜுக்கு ஒரு நாளைக்கு 500ன்னு வைங்க, லைட்டு, போனுக்கு 100, ஆக ஆயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. 100 ஏஎச் லித்தியம் பேட்டரி ஒண்ணுல 1280 வாட் அவர் இருக்கு, ஒரு ராத்திரிக்குப் போதும், மேல 400 வாட் சோலார் போட்டா நம்ம வெயிலுக்கு மறுநாள் ரொம்பிரும். வீட்டு இன்வெர்ட்டர்ல கிடக்குற 150 ஏஎச் டியூபுலர் எடுத்து வச்சா என்னன்னு மச்சினன் கேட்டான், அதுல 1800ன்னு கணக்கு வரும், ஆனா பாதிக்கு மேல இறக்குனா ஆயுசு போயிரும், எடையும் அம்பது கிலோவுக்கு மேல, ஆசிட்டு வேற. வேணாம்னுட்டோம்.

இதுல ஆம்புலன்ஸுக்கு ஒரு குறை, ஜன்னல் கம்மி, காத்து குறுக்க ஓடாது. மேல கூரையில எக்ஸாஸ்ட் வச்சாலும் சித்திரை வைகாசியில அது அடுப்புதான். ஸ்கூல் வேன்ல ரெண்டு பக்கமும் ஜன்னல், கொசுவலை அடிச்சுவிட்டா கிழக்கருந்து வர்ற கொண்டல் காத்து இந்தப் பக்கம் ஏறி அந்தப் பக்கம் இறங்கும்.

பேப்பர் வேலை. நான் பார்த்த நிறைய பேரு வண்டியை வாங்கி எல்லாம் செஞ்சு முடிச்சுட்டுத்தான் ஆர்டிஓ ஆபீஸ் பக்கம் போறாங்க. ஆம்புலன்ஸ் ட்ரான்ஸ்போர்ட் வண்டிக் கணக்குல வரும், எட்டு வருசம் வரைக்கும் ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதின்னு வாங்குற சர்டிபிகேட், அதுக்கு மேல வருசா வருசம். சொந்த உபயோகத்துக்கு வச்சுக்கிற கேம்பர் வேன், 2004ல மத்திய அரசு போட்ட வண்டிப் பட்டியல்ல ட்ரான்ஸ்போர்ட் இல்லாத பக்கத்துல இருக்கு, அதாவது மாத்த வழி இருக்கு. ஆனா மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பை முன்னனுமதி இல்லாம மாத்தக் கூடாதுங்குது, 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் அதையே அழுத்திச் சொல்லிருச்சு. மாத்தினப்புறம் 14 நாளுக்குள்ள தெரிவிச்சு ஆர்சில ஏத்தணும். மோட்டார் கேரவனுக்குன்னு ஏஐஎஸ் 124ன்னு தர விதியும் தனியா இருக்கு, சீட்டும் மேசையும், படுக்கை, சமைக்க வசதி, சாமான் வைக்க இடம், இது எல்லாம் உள்ள இருக்கணும், மேசையைத் தவிர மத்தது அசையாம பிடிச்சிருக்கணும். அதனால முதல்ல கையில ஒரு படம் வரைஞ்சு எடுத்துக்கிட்டுப் போய் பிரேக் இன்ஸ்பெக்டர்கிட்ட இப்படிச் செய்யலாமான்னு கேட்டுட்டு அட்வான்ஸ் கொடுங்க. இன்சூரன்ஸ்காரங்களுக்கும் எழுதிக் கொடுத்துருங்க, இல்லன்னா ஒரு நாள் கிளெய்ம்னு போறப்ப வண்டியே வேற மாதிரி இருக்கேம்பாங்க.

கவர்மெண்டு ஏலத்துல சல்லிசா வருதுன்னு யாராவது சொன்னா ரிஜிஸ்ட்ரேஷன் தேதியைப் பாருங்க. 15 வருசம் தாண்டின அரசாங்க வண்டிக்கு 2023 ஏப்ரல் 1லருந்து ரிஜிஸ்ட்ரேஷன் புதுப்பிக்கிறது கிடையாது, அது இரும்புக்கடைக்குத்தான்.

இதெல்லாம் காசு கொடுத்தா சரி பண்ணலாம். சரி பண்ண முடியாத ஒண்ணை நாங்க டெஸ்ட் டிரைவ்லதான் பார்த்தோம். ரெண்டாவதா பார்த்தது ஒரு விங்கர், தொண்டிப் பக்கம். ஓட்டிப் பார்க்க ஈசிஆர்ல உப்பூர் வரைக்கும் வந்தோம். லைட்டு சைரன் எதுவும் போடல, ஆனாலும் முன்னாடி போற வண்டியெல்லாம் ஒதுங்குது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடலன்னா பத்தாயிரம் ஃபைன்னு சட்டம் வந்ததுலருந்து இன்னும் வேகமா ஒதுங்குறாங்க. எனக்கு முதுகெல்லாம் கூசிப் போச்சு. உப்பூர் கிட்ட வர்றப்ப ஒரு ஆளு ரோட்டுக்கே ஓடிவந்து கையை ஆட்டுறாரு. நிறுத்தினா, அவரு மாமியாருக்கு மூச்சு வாங்குது, கடவுள் மாதிரி வந்தீங்கன்றாரு. உள்ள ஆக்சிஜனும் இல்ல, ஸ்ட்ரெச்சரும் இல்ல, விலைக்கு வந்த வெறும் கூடு. 108க்கு போன் போட்டுக் கொடுத்துட்டு அந்தம்மாவை பெஞ்சுல உக்காரவச்சு எங்க போறதுன்னு கேட்டுக்கிட்டு இருக்கறப்பவே நல்லவேளை 108 வந்துருச்சு. அந்தாளு எங்க வண்டிக்குள்ள எட்டிப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கல. சைரன், மேல சுத்துற லைட்டு எல்லாம் சட்டப்படியே கழட்டணும், அது தெரிஞ்சதுதான், ஆனா ஸ்டிக்கரை உரிச்சாலும் போகாது, சுத்தி இருக்குற பெயிண்ட்டு வெயில்ல மங்கியிருக்கும், எழுத்து இருந்த இடம் மட்டும் புதுசா வெள்ளையா நிக்கும், தூரத்துலருந்து அப்படியே படிக்கலாம். முழு பெயிண்ட், அதுவும் வேற கலர், கட்டாயம் செலவுல சேர்த்துக்கங்க, கலர் மாத்தினதையும் ஆர்சில ஏத்தணும்.

வெள்ளைக் கலர்லயே விட்டா கரையில ராத்திரி நிறுத்தவும் முடியாது. பாம்பன்ல தெரிஞ்ச மீனவ அண்ணன் ஒருத்தரு சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, "ராத்திரி கரையில ஆம்புலன்ஸு நிண்டா ரெண்டே காரணந்தேன் தம்பி, ஒண்ணு கடல்ல யாருக்கோ என்னமோ ஆயிப்போச்சு, இல்லண்டா சரக்கு." கடல் அட்டை, மஞ்சள், பீடி இலைன்னு இந்தப் பக்கம் கடத்தல்ல பிடிபடுறது பேப்பர்ல வந்துக்கிட்டே இருக்கு, கடல் அட்டை 2001லருந்து புலி மாதிரி பாதுகாக்கப்பட்ட உயிரினம், சும்மா விடமாட்டாங்க. மெரைன் போலீஸ் ராத்திரி ரெண்டு மணிக்கு கதவைத் தட்டினா புள்ளைக பயந்துரும், அவங்களைக் குத்தம் சொல்லவும் முடியாது. நாமளும் முன்கூட்டியே ஸ்டேஷன்ல சொல்லிட்டு நிறுத்துறதுதான் மரியாதை. தனுஷ்கோடியில பொழுது சாஞ்சா வெளிய அனுப்பிருவாங்க, அங்க படுக்கிற ஆசையை விட்டுருங்க. எங்களுக்குத் தோதுப்பட்டது தங்கச்சிமடம் பக்கம் தெரிஞ்சவங்க தென்னந்தோப்பு, அப்புறம் ஏர்வாடி தர்கா பக்கம், அங்க வேன்லயே குடும்பம் குடும்பமாத் தங்கி சமைச்சு சாப்பிடுறது காலங்காலமா நடக்குறதால யாரும் ஒரு மாதிரி பார்க்குறது இல்ல. மாசி பங்குனியில கடற்கரை ஓரம்னா வெளிய பெரிய லைட்டு போடாதீங்க, பங்குனி ஆமை முட்டையிட ஏறுற சமயம்.

விங்கரா ட்ராவலரான்னு கேட்டா, ரோடு விட்டு இறங்கவே மாட்டேன்னா விங்கர் சொகுசு, தரை தாழ்வா இருக்கும், அம்மா மாதிரி முட்டிவலிக்காரங்க ஏற லேசு. ஆனா அது முன்சக்கரம் இழுக்குற வண்டி, பின்னாடி கட்டில், தண்ணிக்கேன், பேட்டரின்னு பாரம் ஏத்தினா முன்பக்கம் லேசாகி மணல்ல சும்மா சுத்தும். ட்ராவலர் பின்சக்கரம் தள்ளுறது, பாரம் ஏற ஏறப் பிடிப்பு கூடும், ஆனாலும் மணல்னா மணல்தான், நாலு சக்கர இழுவை கிடையாது, சவுக்குத்தோப்பு கெட்டித்தரையோட நிறுத்திக்கங்க. அதுபோக ட்ராவலருக்கு ராம்நாட்டுலயே மெக்கானிக் இருக்காங்க, பாதி ஸ்கூல் வேனும் டூரிஸ்ட் வேனும் அதுதானே. ரெண்டுக்கும் பொதுவான எதிரி கருவேல முள்ளு. ரோடு விட்டு இறங்கினா ஸ்டெப்னியைத் தொட்டுப் பார்த்துட்டு இறங்குங்க.

தண்ணிக்கு 20 லிட்டர் கேன் நாலு போதும், பெரிய டேங்க்கு வச்சு கரையோரத்துல கிடைக்குற போர் தண்ணியை ரொப்பினா டேங்க்கும் பைப்பும் உப்பு பூத்துரும். கேஸுக்கு 5 கிலோ சிலிண்டர். ஆக்சிஜன் சிலிண்டர் வச்ச பெட்டியிலயே அதை வைக்கலாம்னு தோணும், நானும் நினைச்சேன். வைக்கிறதா இருந்தா உள்பக்கம் காத்து புகாம அடைச்சு அடித்தரையில வெளிய பார்த்த ஓட்டை போடணும், சமையல் கேஸ் காத்தைவிடக் கனம், கீழதான் தேங்கும். எங்கம்மா வண்டிக்குள்ள அடுப்பே கூடாதுன்னுட்டாங்க, பின்கதவைத் திறந்து வெளிய வச்சுத்தான் சமையல்.

ஈகோவைச் சுருக்கமா முடிச்சுர்றேன். பின்சீட்டுக்குப் பின்னாடி கழட்டி மாட்டுற பலகை, மெத்தை, அவ்வளவுதான், வண்டியில எதையும் வெட்டாததால ஆர்டிஓ பக்கமே போக வேணாம், பெட்ரோல் வண்டி, நாள் பூரா ஆபீசுக்கும் ஓட்டலாம். நிக்க முடியாது, ரெண்டு பேருக்கு மேல படுக்க முடியாது, மத்தவங்களுக்கு டென்ட்டுதான். வருசத்துக்கு பத்துப் பதினஞ்சு ராத்திரிதான் வெளிய தங்குவீங்கன்னா இதுக்கு மேல யோசிக்காதீங்க. நாங்க எண்ணிப் பார்த்ததுல முப்பது ராத்திரி வந்துச்சு, அதனாலதான் பெரிய வண்டி.

கடைசியில ரெண்டு வீட்டுக்கும் வேற வேற முடிவாப் போச்சு. மச்சினன் வீட்டுல அவன், அவன் சம்சாரம், கைக்குழந்தை. அவங்களுக்கு ஆம்புலன்ஸ் சரி, முன்னாடி ஒரு ஆளு, பின்னாடி பெல்ட்டோட ஒரே ஒரு சீட்டு கூடப் போட்டா தீர்ந்துச்சு. மதுரைப் பக்கத்துலருந்து ஒரு பி வகை ட்ராவலர் பேசிட்டான், கடலோரத்துல ஓடாத வண்டி, தரையைத் தூக்கிப் பார்த்தோம், துரு இல்ல. விலை மூணே முக்கால் லட்சம் கேட்டு மூணு நாப்பதுக்கு இறங்கினாங்க. நாங்க ஸ்கூல் வேனுக்குப் போயிட்டோம். அதுவும் ட்ரான்ஸ்போர்ட் வண்டிதான், அதுக்கும் அதே அனுமதி, அதே ஆர்சி வேலை, ஸ்கூல் மஞ்சளை மாத்தணும், அலமாரி, ஒயரிங், கூரைக்கு உள்ள தெர்மோகோல் எல்லாம் ஒண்ணுலருந்து ஆரம்பிக்கணும், மொத்தச் செலவு ஆம்புலன்ஸை விடக் கூடத்தான் வரும் போலருக்கு. ஆனா முன்பக்கம் பார்த்து உக்கார்ற சீட்டு கம்பெனி போட்ட இடத்துலயே இருக்கு, முதல் ரெண்டு வரிசையை அப்படியே விட்டுட்டு பின்னாடி மட்டும் கட்டில். ஸ்கூல் சீட்டு சின்னப் புள்ளைகளுக்கானதுன்னு என் வீட்டுக்காரம்மா சொன்னா, அதையும் அனுமதி வாங்கி பெரிய சீட்டா, பெல்ட்டு வச்சதா மாத்தப் போறோம்.

படம் வரைஞ்சு கொடுத்தாச்சு, வர்ற வாரம் வரச் சொல்லியிருக்காங்க. மச்சினன் வண்டிக்குப் பச்சைக் கலர் சொல்லியிருக்கு, பட்டறையில இன்னும் பேப்பர் போட்டுத் தேய்ச்சுக்கிட்டு இருக்காங்க, நெத்தியில இடவலமாத் திருப்பி எழுதியிருக்குற ஆம்புலன்ஸ்ங்கிற எழுத்து மட்டும் மூணாவது கோட்டிங்குக்கு அப்புறமும் லேசாத் தெரியுதுன்னு நேத்து போட்டோ அனுப்பினான்.